மூன்றாவது சட்டி

திருகோணமலை
09.09.2024

அன்புள்ள மச்சாள் சோபனாவுக்கு,

நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. தம்பிக்கு எடுத்தேன். "அக்கா, அவ குசினிக்க நிக்கிறா, பிறகு கதைக்கிறாவாம்" என்றான். நீங்கள் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கவில்லை, அவனுக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டினீர்கள் என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. பக்கத்துப் பிள்ளை சொல்லிக் கொடுத்து வருகிற பதில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நான் பள்ளிக்கூடத்தால் ஓய்வு பெற்றாலும் என் காது இன்னும் ஓய்வு பெறவில்லை. அதனால் இதை எழுதி, பஸ் கண்டக்டர் முனீப்பின் கையில் கொடுத்துவிடுகிறேன். சந்திக் கடையில் வைப்பதாகச் சொன்னார்.

சாப்பாட்டின் நடுவில் நான் எழும்பிப் போனது பிழை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏன் எழும்பினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஈச்சிலம்பற்றிலிருந்து வந்த உங்கள் அண்ணன் குடும்பத்துக்கும் தம்பிக்கும் சம்பாச் சோறு, நண்டுக்கறி, பொரித்த மீன், அப்பளம். எனக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில் தனியாகச் சமைத்த சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, பால் விடாத பருப்பு, அவித்த மீன். உங்கள் அண்ணி, நோயாளிச் சாப்பாட்டைக் கண்டவ போல, "இது ஆருக்கு வருத்தம்?" என்று கேட்டா. நீங்கள் சிரித்துக்கொண்டே, "வருத்தம் ஒண்டுமில்லை, மச்சாளுக்கு உடம்பு கூடிப் போச்சு, அதுதான் வேற சட்டி" என்றீர்கள்.

மச்சாள், முருங்கையிலை வறை என்றால் எனக்கு உயிர். பாதியில் விட்டுவிட்டு வந்தேனே என்று பஸ்ஸில் வரும்போதே கவலைப்பட்டேன். என் கோபம் கறியோடு இல்லை, தனிச் சட்டியோடு. ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளையை மட்டும் எழுப்பி, "நீ தினமும் பல் விளக்க வேண்டும்" என்று சொன்னால் அது நல்ல புத்திமதிதான். ஆனால் அந்தப் பிள்ளை வெட்கத்தோடு வீட்டுக்குப் போகும். மற்றப் பிள்ளைகளோ தங்களுக்குப் பல்லே இல்லை என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

இன்னொன்று. தம்பி இடுப்பில் நிற்காத சாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தான். தண்ணீர்ச் செம்பு அவன் கையை விட்டு இறங்கவே இல்லை. காலில் மட்டிச் சிப்பி வெட்டியது ஆடி மாதம் என்றான், இன்னும் துணி சுற்றியிருக்கிறது. அவன் தயிருக்கு நீங்கள் போட்ட சீனியை நான் கரண்டி கரண்டியாக எண்ணினேன்.

போனை எடுங்கள்.

அன்புடன்
கமலேஸ்வரி

*

கட்டைபறிச்சான்
15.09.2024

மச்சாள் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஓம், பக்கத்தில்தான் நின்றேன். கையைக் காட்டியதும் உண்மை. போனில் உங்களோடு கதைத்தால், நான் ஒரு வசனம் முடிக்க முன்னம் நீங்கள் மூன்று உதாரணம் சொல்லிவிடுவீர்கள். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் பொறுக்கத்தான் வேண்டும்.

அன்றைக்கு விடிய எழும்பி முருங்கையில் கொக்கத்தடி போட்டு இலை முறித்தது நான். காம்பு காம்பாக ஆய்ந்தது நான். சிவப்பரிசி உங்களுக்காகத் தோப்பூர்ச் சந்தையில் வாங்கியது. எங்கள் வீட்டில் அதை ஆரும் தொடுவதில்லை. நீங்கள் எழும்பிப் போனபிறகு அண்ணி, "ரீச்சருக்கு நண்டுதான் வேணுமெண்டால் சொல்லியிருக்கலாமே" என்றா. பகிடிக்குத்தான் சொன்னா. மிச்சத்தை மூடி எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனது நான்.

உங்கள் தம்பியின் சாரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது எனக்குத் தெரியாத விசயமா? ஒரு கலியாண வீடு, ஒரு செத்தவீடு என்று அவரோடு போக முடியவில்லை. "என்ன சிவரூபன், சோபனா சாப்பாடு போடுறேல்லையோ?" என்று கேட்கிறார்கள். கேட்பது அவரை, அடி விழுவது எனக்கு. புருசன் மெலிந்தால் ஊர் பார்ப்பது பெண்சாதியின் அகப்பையை. உங்களைப் பார்த்து ஆராவது, "ரீச்சர் நல்லாச் சாப்பிடுறா போல" என்றால் எப்படி இருக்கும்? அதே மாதிரித்தான் எனக்கும்.

நான் போடாமல் இல்லை. விடிய முட்டைக்கோப்பி. பத்து மணிக்கு இனிக்க இனிக்க ரின்பால் விட்ட தேத்தண்ணி. மத்தியானம் தயிரும் சீனியும். கடலுக்குப் போகும்போது கேக்கும் பேரீச்சம்பழமும் கட்டிக் கொடுக்கிறேன். அப்படியும் ஆள் இறங்கிக்கொண்டே போகிறார். போட்டது காணாதென்று இப்போது இன்னும் கூட்டியிருக்கிறேன். காயம் ஆறாதது உப்புத்தண்ணி படுகிறபடியால். சித்திரைத் தோணிப் போட்டிக்கு இந்த முறையும் அவர்தான் சுக்கான் பிடிக்க வேண்டும். துடுப்புப் போடுகிற பொடியன்மார் இப்போதே, "அண்ணை, காத்தடிச்சா உங்களைக் கட்டி வைக்க ஒரு கயிறும் கொண்டுவருவம்" என்கிறார்கள். அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்திரைக்கு முன்னம் அவரைத் தேற்றியே ஆக வேண்டும்.

உங்களுக்குக் குறைக்க வேண்டும், அவருக்குக் கூட்ட வேண்டும். அதற்குத்தான் இரண்டு சட்டி. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடம் படிப்பிக்க ஏலாது என்று நீங்கள்தானே சொல்லுவீர்கள்?

இப்படிக்கு
சோபனா

*

திருகோணமலை
19.09.2024

அன்புள்ள மச்சாள்,

நீங்கள் முடிக்கும்வரை பொறுத்தேன். பிறகு இன்னொரு தரமும் வாசித்தேன். "கேட்பது அவரை, அடி விழுவது எனக்கு" என்ற இடத்தில் கடிதத்தை மடித்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். இங்கிருந்து பார்த்தால் குடாவுக்கு அந்தப் பக்கம் உங்கள் கரை ஒரு நீலக் கோடு மாதிரித் தெரிகிறது. அந்தக் கோட்டுக்குள் நீங்கள் இதையெல்லாம் தனியாகச் சுமந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

நேற்று இங்கே வாசிகசாலையில் ஒரு வைத்தியப் பரிசோதனை நடந்தது. போயிருந்தேன். அங்கே கண்டதைச் சொல்ல வேண்டும். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் போன்ற உடம்புக்காரர். கூட வந்த மெலிந்தவர்கள் வேப்பமரத்தடியில் இருந்து எங்கள் குடைகளைக் காவல் காத்தார்கள். தங்களுக்கு இந்தக் கதையில் பங்கில்லை என்ற நிம்மதி அவர்கள் முகத்தில் இருந்தது. மூதூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த தாதி, றிஷானா மிஸ்ஸி, வெளியே வந்து பார்த்துவிட்டு, "குடை பாத்தது காணும், எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ" என்றா. முதலில் வந்தவர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஈர்க்கு மாதிரி மனிதர். விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார்கள். அவருக்குச் சீனி, வரிசையில் நின்ற எங்கள் எல்லாரையும்விடக் கூட. மனிதர் தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது வேறு ஆருடையதோ என்பதைப் போல.

எனக்குச் சீனி சரி. கொஞ்சம் பெருமையோடு எழும்பினேன். "ரீச்சர், இருங்கோ, பிரஷர் கூட இருக்கு. கருவாடு, ஊறுகாய் எப்பிடி?" என்று றிஷானா கேட்டா. நான் கூரையைப் பார்த்தேன். என் அலுமாரியில் இருக்கிற தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல்கள் உங்களுக்குத் தெரியும். முருங்கையிலை சாப்பிட்டதற்கு ஒரு பக்கம் புள்ளி, கருவாட்டுக்கு மறு பக்கம் வெட்டு.

அந்தக் காலத்தில் கொப்பி பார்க்க வருகிற ஒரு கல்வி அதிகாரி இருந்தார். பிரவுண் பேப்பர் உறை வடிவாகப் போட்டிருந்தால் உள்ளே திறக்காமலே கையெழுத்து வைப்பார். உறை கிழிந்திருந்தால் உள்ளே என்ன இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குப் பேச்சு விழும். உடம்பும் ஒரு உறைதான் மச்சாள். என் உறையைப் பார்த்து எனக்கு வேறு சட்டி என்றீர்கள். தம்பியின் உறையைப் பார்த்து அவனுக்கு எதையும் கொடுக்கலாம் என்றீர்கள். இருவரையும் திறந்து பார்க்கவில்லை.

தம்பியிடமே கேட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் பெரிய எஞ்சின்தான் நிற்குமா, சின்ன எஞ்சினும் நிற்குமா என்று. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடம் ஏலாது என்று நான் சொன்னது உண்மைதான். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தாங்கி ஒன்றுதான் இருந்தது. கெட்டிக்காரனும் அதில்தான் குடித்தான், மற்றவனும் அதில்தான் குடித்தான்.

தாகம், மெலிவு, ஆறாத காயம் மூன்றும் ஒருவனிடம் சேர்ந்திருக்கின்றன. அவனை ஒரு நாள் மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு துளி இரத்தம்தான்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். எனக்கு ஒரு சட்டி, அவனுக்கு ஒரு சட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எந்தச் சட்டியில் சாப்பிட்டீர்கள்?

அன்புடன்
கமலேஸ்வரி

*

கட்டைபறிச்சான்
23.09.2024

மச்சாள் அவர்களுக்கு,

சீனி வருத்தம் உடம்புக்காரருக்கு வருவது. இவருக்கு எலும்பும் தோலும்தான் இருக்கிறது, சீனி எங்கே போய் இருக்கும்? அவரிடம் சொன்னேன். "அக்காவுக்கு இப்ப பள்ளிக்கூடம் இல்லை, அதுதான் எங்களைத் திருத்துறா" என்று சிரித்தார்.

என் கையால் சாப்பிட்டு அவருக்கு வருத்தம் வந்தது என்று சொல்ல வருகிறீர்களா? ஊர் சொல்லுகிறது நான் சாப்பாடு போடுவதில்லை என்று. நீங்கள் சொல்லுகிறீர்கள் நான் போட்டதுதான் பிழை என்று. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்து எனக்கு அறிவியுங்கள்.

நான் எதில் சாப்பிட்டால் உங்களுக்கு என்ன?

கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம்.

சோபனா

*

திருகோணமலை
21.10.2024

அன்புள்ள சோபனா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருந்தேன். தோணியில் மயங்கி விழுந்த தம்பியைக் கடலில் இருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று முனீப் வந்து சொல்லும்வரை இருந்தேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது நீங்கள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். ஒரு தரமும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் என்று முதலில் நினைத்தேன். பிறகு உங்கள் தோளைப் பார்த்தேன். அது கோபம் இல்லை. "நான் அப்போதே சொன்னேன்" என்று நான் சொல்லப்போகிறேன் என்று பயந்துகொண்டு நின்றீர்கள். நான் அதைச் சொல்ல வரவில்லை. இந்தக் கடிதத்தில் எங்கே தேடினாலும் அந்த வசனம் இருக்காது.

ஒன்று சொல்கிறேன், அதை நம்புங்கள். எங்கள் அப்பாவும் தம்பி மாதிரித்தான், காற்றில் ஆடுகிற மனிதர். கடைசிக் காலத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். காலில் புண் வந்தது. வெயிலில் நின்றதால் தாகம், செருப்புக் கடித்ததால் புண் என்றோம். அவர் மெலிந்தவர் என்பதால் ஒருவரும் அந்தப் பக்கமே யோசிக்கவில்லை. இந்தச் சீனி வருத்தம் எங்கள் இரத்தத்தில் வருவது, சோபனா. நீங்கள் போட்ட சீனி அதைக் கூட்டியிருக்கும், பிறப்பிக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு பெயர்கூட வைக்கப்படாத வருத்தத்துக்குத் தம்பிக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

காலில் சின்ன விரலை எடுக்க வேண்டி வருமோ என்று டொக்டர் இரண்டு கிழமை பொறுத்துப் பார்க்கப் போகிறார். நீங்கள் வெளியே போயிருந்த நேரம் தம்பி என்னைக் கேட்டது இது ஒன்றுதான்: "அக்கா, விரல் இல்லாட்டி சுக்கானுக்குக் காலை ஊண்ட ஏலுமோ?" அவன் உயிரை நினைத்து நான் அழுதுகொண்டு நிற்கிறேன், அவன் சித்திரையை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். எனக்குக் கோபமும் வந்தது, தைரியமும் வந்தது. போட்டியை நினைக்கிறவன் எழும்புவான்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை. நான் அடுத்த ஞாயிறும் வருவேன். நீங்கள் யன்னலைப் பார்த்தாலும் பரவாயில்லை.

கமலேஸ்வரி

*

கட்டைபறிச்சான்
17.11.2024

என் மச்சாளுக்கு,

இங்கே விடாத மழை. கடல் தொழில் இல்லை. இவர் வீட்டில் இருக்கிறார். விரலும் இருக்கிறது. அதை முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். காயம் ஓரத்தில் சிவந்து சதை வைக்கத் தொடங்கிவிட்டது, இனி எடுக்கத் தேவையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது ஒரு பகிடி கேளுங்கள். ஆஸ்பத்திரியால் வந்த முதல் நாள், டொக்டர் சொன்னபடி இவருக்குத் தனியாகச் சமைத்தேன். ஒரு சின்னச் சட்டி. அளவாகச் சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, பருப்பு, அவித்த மீன். அண்ணன் குடும்பமும் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களுக்கு மற்றச் சட்டியில் சம்பாச் சோறும் பொரியலும். இவர் தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். எல்லாருடைய கோப்பையையும் பார்த்தார். தள்ளி வைத்துவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் வருத்தக்காரச் சாப்பாடு?" என்று எழும்பிவிட்டார்.

மச்சாள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் அகப்பையோடு நின்று சிரிக்கிறேன், நிறுத்த ஏலாமல் கண்ணால் தண்ணி வருகிறது. அண்ணி நினைத்தா எனக்கு என்னவோ நடந்துவிட்டது என்று. அதே இடம், அதே கதிரை, அதே முருங்கையிலை. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே வாய். நீங்கள் உடம்புக்காரி என்று எழும்பினீர்கள், அவர் ஈர்க்கு, அவரும் எழும்பினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிழை கறியில் இல்லை, சட்டியில் என்று நீங்கள் எழுதியது. தனியாக வைத்தால் அமிர்தமும் தண்டனைதான்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். நான் இரண்டு சட்டியிலும் சாப்பிடவில்லை. எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டி, மீன் இருந்தால் மீன், இல்லாவிட்டால் குழம்பில் பிசைந்து, குசினியில் நின்றபடி சாப்பிடுவேன். பல நாள் அதுகூட இல்லை, பால் விடாத பிளேன்ரீயும் ஒரு துண்டுப் பாணும். எனக்கு உடம்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊரில் ஆரும் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்டதில்லை. அதனால் என் சாப்பாட்டை நானும் ஒரு நாளும் யோசித்ததில்லை. உங்கள் கேள்வியை வாசித்தபோது வந்த கோபம் உங்கள் மேல் இல்லை என்று இப்போது தெரிகிறது.

இவருக்கு மருந்து எடுக்கப் போனபோது றிஷானா மிஸ்ஸி என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தா. "அக்கா, கிணத்தில தண்ணி அள்ளினா மூச்சு வாங்குமோ?" என்றா. ஓம் என்றேன். வயது போகுது, அதுதான் என்றேன். "வயது இல்லை, இரத்தம் காணாது" என்றா. இரும்புச்சத்துக் குளிசை தந்திருக்கிறா. குளிசையோடு சாப்பாடும் வேண்டுமாம், சுடச்சுட, நிற்காமல் இருந்து சாப்பிட வேண்டுமாம். வீட்டில் வருத்தக்காரியைத் தேடினால் நான்தான் அகப்பட்டேன்.

அடுத்த நாள் பெரிய சட்டியை எடுத்தேன். மற்றதுகளை அடுக்கி மேல் தட்டில் வைத்துவிட்டேன். ஒரு சட்டிச் சோறு, ஒரு சட்டிக் கறி. சூடை மீனைப் புளி விட்டு, தேங்காய்த் தண்ணிப்பாலில் காய்ச்சினேன். வறைக்கு மேலே பச்சைமிளகாயும் தேசிக்காயும். நானும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் இருந்தேன். அவர் என்னை விருந்தாளியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "நீயும் இதுதானோ?" என்றார். "ஓம். ஊருக்கு இனி இதுதான்" என்றேன். கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். கடைசியில், "இவ்வளவு காலமும் இதை ஏன் அக்காவுக்கு மட்டும் குடுத்தனீ?" என்று கேட்டார். அவருக்கு இன்னொரு அகப்பை வறை போட்டேன்.

அன்றைக்கு உங்களுக்குச் சொன்ன வார்த்தைக்கு என்னை மன்னியுங்கள். பொங்கலுக்கு வாருங்கள்.

உங்கள் மச்சாள்
சோபனா

*

திருகோணமலை
20.01.2025

அன்புள்ள மச்சாள்,

பொங்கலுக்கு வந்து திரும்பிய நாளிலிருந்து எனக்கு ஒரே சந்தோசம். ஆரைக் கண்டாலும் இந்தக் கதைதான். நீங்கள் எனக்குப் பக்கத்தில் கோப்பையோடு வந்து இருந்தீர்கள். அதுவரை உங்கள் வீட்டில் நீங்கள் இருந்து சாப்பிட்டதை நான் கண்டதே இல்லை என்று அப்போதுதான் நினைத்தேன். இத்தனை வருடமாக உங்கள் கையால் சாப்பிட்டிருக்கிறேன், உங்களோடு ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

உங்கள் அண்ணி வந்து சட்டியை எட்டிப் பார்த்து, வழமைபோல, "ஆருக்கு வருத்தம்?" என்று கேட்டா அல்லவா? நீங்கள் தலையை நிமிர்த்தாமல் சோறு போட்டுக்கொண்டே, "ஒருத்தருக்கும் இல்லை. இல்லாதபடியால்தான் இப்பிடிச் சமைக்கிறது" என்றீர்கள். ஒரு காலத்தில் என்றால் அந்த வசனத்தைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்லியிருப்பேன். அண்ணி இரண்டாம் தரம் வறை கேட்டதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன்.

இனி என் கணக்கு. ஊறுகாய்ப் போத்தல்கள் அலுமாரியை விட்டுப் போய்விட்டன. கருவாடு மாதத்தில் ஒரு நாள், அதுவும் வாசனைக்கு. பிரஷர் இறங்கிவிட்டது. ஆனால் உங்களுக்கு ஒரு ஏமாற்றம் வைத்திருக்கிறேன். தையற்காரி ஜெஸ்மின் பொங்கல் சட்டைக்கு அளவெடுத்தா. "ரீச்சர், அதே அளவுதான்" என்றா. ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. என் அம்மாவும் இப்படித்தான், அம்மாவின் அம்மாவும் இப்படித்தான். காலையில் கடற்கரை வரை நடக்கிறேன், மூச்சு வாங்கவில்லை. குறைந்தால் நல்லது என்று டொக்டர் சொல்கிறார், முயற்சி செய்கிறேன். குறையாவிட்டால் அதற்காகக் கீரையோடு கோபித்துக்கொள்ள மாட்டேன். தராசுக்காகச் சாப்பிட்டால் தராசு அசையாத அன்றைக்கு எல்லாவற்றையும் விட்டுவிடுவோம். எனக்காகச் சாப்பிட்டால் விடத் தோன்றாது.

தம்பிக்குக் கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. இதை யோசித்தீர்களா மச்சாள்? ரின்பாலும் தயிர்ச்சீனியும் வைக்காத சதையை மருந்தும் முருங்கையிலையும் வைத்திருக்கின்றன. நீங்கள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, நீங்கள் நினைத்த வழியால் அல்ல.

அவன் சப்பாத்துப் போடாமல் மணலில் நடக்கிறானாம், முனீப் சொன்னார். காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சொன்னால் கேட்க மாட்டான். அக்கா போட்டி பார்க்க வரமாட்டா என்று வெருட்டுங்கள்.

அன்புடன்
கமலேஸ்வரி

*

கட்டைபறிச்சான்
16.04.2025

என் அன்பான மச்சாளுக்கு,

அன்றைக்குப் போனில் "வெண்டிட்டம்" என்று மட்டும்தான் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல நீங்கள் விடவில்லை, கேள்விக்கு மேல் கேள்வி. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். அதே நாளில் வாசிகசாலைப் போட்டிக்கு உங்களை நடுவராகப் போட்டு இங்கே வரவிடாதவர்கள் நன்றாக இருக்கட்டும், ஆனால் அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்க்கட்டும்.

காலையில் இவர் கடற்கரைக்கு வந்தது றப்பர்ச் சப்பாத்தோடு. ஊர் முழுக்க வெறுங்காலோடு நிற்க, இவர் மட்டும் சப்பாத்து. பொடியன்மார் விடுவார்களா? "அண்ணை, கந்தோருக்கோ, தோணிக்கோ?" என்றார்கள். "என்ர பத்து விரலும் தோணிக்கு வருது. உங்களுக்குத் துடுப்புப் போட வந்தால் காணும்" என்றார். மச்சாள், அந்தப் பத்து விரல் என்ற சொல்லில் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

முதல் பாதியில் அடுத்த கரைத் தோணி முன்னால் போய்விட்டது. அவர்கள் எல்லாரும் மலை மாதிரி ஆட்கள். எங்கள் பொடியன்மாரில் பாதிப் பேர் இவரைப் போல மெலிவு, ஒருவன் உங்களைப் போல. கரையில் நின்றவர்கள், "சரி, இந்த வருசமும் போச்சு" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மிதவையில் திரும்புகிற இடத்தில் காற்றுப் பிடித்தது. அவர்கள் அகலமாக எடுத்தார்கள். இவர் காலை ஊன்றி, சுக்கானை மடியோடு அணைத்து, மிதவையை உரசிக்கொண்டு திருப்பினார். அந்தச் சின்ன விரல் தப்பிய காலைத்தான் ஊன்றினார். போன ஐப்பசியில் தூக்கிக்கொண்டு வந்த மனிதர். திரும்பி நிமிர்ந்தபோது எங்கள் தோணி முன்னால் நிற்கிறது. "விடாதை, இழு" என்று இவர் கத்துவது கரைக்குக் கேட்டது. அந்தக் குரலை நான் இரண்டு வருடமாகக் கேட்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தோணியோடு சேர்ந்து கரையால் ஓடினேன். மிதவைக்கு நேராகத் தொடங்கி, முடிவுக் கயிறு கட்டியிருந்த இடம் வரை மணலில் ஓடினேன். சேலை நனைந்து காலைச் சுற்றுகிறது, நான் நிற்கவில்லை. ஓடி முடித்த பிறகுதான் நினைத்தேன், மூச்சு வாங்கவில்லையே என்று. அண்ணி பின்னால் வந்து சேர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எடியே, நீ எப்ப ஓடப் பழகினனீ?" என்றா.

ஒரு தோணி நீளத்தால் வென்றோம். இவரைத் தூக்கப் பார்த்தார்கள். இவர் தோணியின் விளிம்பில் ஏறி நின்றுகொண்டு இறங்கவே மாட்டேன் என்றார். எல்லாருக்கும் தெரிய வேண்டுமாம். நனைந்த சப்பாத்தைக் கழற்றி, காலைத் தூக்கிக் காட்டினார். கலியாண வீட்டில் இவரைக் கேள்வி கேட்ட அதே மனிசி பக்கத்தில் வந்து, "சோபனா, மனுசனுக்கு என்னத்தைப் போட்டுத் தேத்தினனீ? எங்கட ஆளுக்கும் சொல்லன்" என்றா. "உங்கட ஆள் உடம்புக்காரர் எல்லோ, அவருக்கும் இதையே போடலாமோ எண்டு கேக்கிறியளோ?" என்றேன். ஓம் என்றா. "போடலாம். உங்களுக்கும் சேர்த்துப் போடுங்கோ. ஒரே சட்டியில" என்றேன். மச்சாள், நான் உதாரணம் சொல்லாமல் முடித்துவிட்டேன், அதுதான் எனக்கும் உங்களுக்கும் வித்தியாசம்.

இனிப் பரிசைக் கேளுங்கள். ஒலிபெருக்கியில், "தோணிப் போட்டி முதற்பரிசு, கடைக்காரர் சங்கம் அன்பளிப்பு" என்று கூப்பிட்டார்கள். இவர் போய்ப் பெரிய பெட்டியோடு வந்தார். திறந்தேன். அலுமினியச் சட்டி. உள்ளே இன்னொரு சட்டி. அதற்குள்ளே இன்னொன்று. பெரிது, நடு, சின்னது, மூன்று சட்டி. நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் மேடைக்கு முன்னால் நின்று சிரித்த சிரிப்பில், பரிசு பிடிக்கவில்லையோ என்று அறிவிப்பாளர் கேட்டுவிட்டார்.

பெரிய சட்டியில் அன்றைக்கு மத்தியானமே சமைத்தேன். தோணிக்காரப் பொடியன்மார் எல்லாரும் எங்கள் முற்றத்தில்தான் சாப்பிட்டார்கள். சிவப்பரிசிச் சோறு, சூடைக் குழம்பு, பயற்றங்காய், முருங்கையிலை. உங்களைப் போல இருக்கிற அந்தப் பொடியன், "அக்கா, எனக்குக் கொஞ்சமாய்ப் போடுங்கோ, நான் குறைக்கிறன்" என்று வெட்கப்பட்டான். அவன் கோப்பையில் மற்றவர்களுக்குப் போட்டதையே போட்டு, "இதுக்கு ஆரும் வெட்கப்படத் தேவையில்லை, இரு" என்றேன். இருந்தான். நானும் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

மற்ற இரண்டு சட்டிக்கும் இந்த வீட்டில் இனி வேலை இல்லை. அடியில் துளை போட்டு மண் நிரப்பி, கிணற்றடியில் வல்லாரை நட்டிருக்கிறேன். நடுச்சட்டி மெதுவாகத்தான் வருகிறது. சின்னச் சட்டியில் இன்றைக்கு விடியப் பார்த்தேன், இரண்டு இலை விட்டிருக்கிறது.

நீங்கள் வரும்போது ஒரு சம்பல் போடுகிற அளவுக்கு இலை காணும்.

உங்கள் மச்சாள்
சோபனா